ராபின் சிங்கை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

தொண்ணூறுகளில் இந்தியாவுக்கு ஆடிய கிரிக்கெட் ஆட்டக்காரர் ராபின் சிங்கைப் பற்றிய இந்தக் கேள்வி ஒரு கல்லூரி மாணவருடையது. சுருக்கம் இது: "136 ஒருநாள் போட்டிகள், சராசரி 25.95, ஒரே சதம், ஒரே டெஸ்ட். ராபின் சிங்கின் கணக்கு இவ்வளவுதான். ஆனால் அப்பாவும் சித்தப்பாவும் அவர் பெயரை எடுத்தாலே நிமிர்ந்து உட்காருகிறார்கள். இது சென்னைப் பாசமா, உண்மையிலேயே அவர் அவ்வளவு பெரிய ஆட்டக்காரரா? டெஸ்டில் அவரை ஓரங்கட்டினார்களா? அவருடைய ஆட்டங்களில் ஒன்றே ஒன்றைப் பார்ப்பதென்றால் எதைப் பார்க்கலாம்?"

சென்னைப் பாசம் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசினால் பதில் முழுவதும் பொய்யாகிவிடும். அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுப் பார்த்தாலும் உங்கள் அப்பாவும் சித்தப்பாவும் சொல்வதில் பாதிக்கு மேல் நிற்கும் என்பது என் கணக்கு. எந்தப் பாதி என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

நான் சில ஆண்டுகள் சென்னையில் கீழ் டிவிஷன் லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதியவன். வேப்பமர நிழலில் ஒரு மேசை, இரண்டு நிறப் பேனா, காற்றில் பறக்காமல் இருக்கப் புத்தகத்தின் மேல் ஒரு பழைய பந்து. அந்த மேசையில் உட்கார்ந்துதான் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். பாயிண்டில், அதாவது மட்டை பிடிப்பவருக்குப் பக்கவாட்டில், நிற்பவர் இடப்பக்கம் பாய்ந்து, எல்லைக்கோட்டுக்குப் போக வேண்டிய பந்தை மறித்துவிட்டால், ஸ்கோர் எழுதுபவன் செய்வது, ரன் இல்லை என்று ஒரு புள்ளி வைப்பது. அந்தப் புள்ளியும் பந்துவீச்சாளரின் கட்டத்தில் விழும். பாய்ந்தவரின் முழங்கையில் ரத்தம் வரலாம், புத்தகத்தில் அவர் பெயர் வராது. ராபின் சிங்கின் பிழைப்பில் பெரும்பங்கு இப்படி அடுத்தவர் கட்டத்தில் விழுந்த புள்ளிகள்தான்.

முதலில் அந்த 25.95ஐ எடுத்துக்கொள்வோம். 136 போட்டிகளில் 113 முறை அவர் மட்டை பிடித்தார். 23 போட்டிகளில் அவருடைய முறை வரவே இல்லை. இறங்கிய 113இல் 23 முறை ஆட்டமிழக்கவில்லை. மொத்தம் 2336 ரன்கள், ஒரு சதம், ஒன்பது அரைசதம். இறங்கியது பெரும்பாலும் ஆறாவது, ஏழாவது இடத்தில். அந்த இடத்தில் ஆடுகிறவருக்கு இரண்டே விதமான நாள்கள்தான் அமையும். ஒன்று, ஐந்து ஓவர் மீதி இருக்கும்போது இறங்கி, முதல் பந்திலிருந்தே தூக்கி அடித்து, பதினைந்து ரன்னில் வெளியேறும் நாள். இன்னொன்று, மேலே நால்வரும் போய்விட்ட பிறகு, அணியே சரிந்து கிடக்கையில் இறங்கும் நாள். தொடக்க ஆட்டக்காரரின் சராசரியையும் இவருடையதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, கல்யாண வீட்டில் முதல் பந்தியில் சாப்பிட்டவரையும் கடைசிப் பந்தியில் சாப்பிட்டவரையும் ஒரே கேள்வி கேட்பது போல. கடைசிப் பந்தியில் பாயசம் தீர்ந்துபோயிருக்கும்.

அதற்காக அந்த எண்ணை வானளாவ உயர்த்தவும் முடியாது. 100 பந்துக்கு 74 ரன் என்பது அவருடைய வேகம். ஓவருக்கு ஏறக்குறைய நாலரை. அந்தக் காலத்துக்கு அது கெளரவமான வேகம், அதிசயமான வேகம் இல்லை. அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் பெவன் அதே ஆறாம் இடத்தைச் சுற்றி ஆடி ஐம்பதுக்கு மேல் சராசரி வைத்திருந்தார். ராபின் பெவன் இல்லை. அப்படிச் சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவேன்.

இனி ஆளைப் பற்றி. ரவீந்திர ராமநாராயண் சிங், 1963 செப்டம்பர் 14 அன்று டிரினிடாடின் பிரின்சஸ் டவுனில் பிறந்தவர். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட இந்தியர்களின் வழித்தோன்றல்கள் நிறைந்த தென் டிரினிடாட் அது. முதல் கப்பல் 1845இல் போனது, 1917 வரை போய்க்கொண்டே இருந்தன. பெரும்பாலானவை கல்கத்தாவிலிருந்து, கொஞ்சம் சென்னைத் துறைமுகத்திலிருந்தும். 1950இல் இங்கிலாந்தைத் திணறடித்த சுழற்பந்து வீச்சாளர் சானி ராமதின் அந்தப் பக்கத்து ஆள்தான். கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளை ஒருவர் திரும்பி வந்து இந்தியாவுக்கு ஆடுவார் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அதிலும் வடக்கே வேர் உள்ள குடும்பத்துப் பையன் வந்து இறங்கியது சென்னையில்.

1980களின் முதல் பாதியில், இருபது வயதை ஒட்டி அவர் இங்கே வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தார். சென்னை லீக் எப்படிப்பட்டது என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பெனிகள் அணி நடத்தும், ஆட்டக்காரருக்கு வேலையும் தரும். காலையில் ஆபீசில் கையெழுத்து, மதியம் வலைப்பயிற்சி, வார இறுதியில் ஆட்டம். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பையன் இந்த ஊரில் தங்கி, படித்து, சம்பாதித்து, கிரிக்கெட்டும் ஆடியிருக்க முடியாது. 1985-86 பருவத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு ஆடினார். 1987-88இல் எஸ். வாசுதேவன் தலைமையில் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வென்றபோது அவர் அந்த அணியில் இருந்தார். இறுதிப் போட்டியில் ரயில்வேயைச் சேப்பாக்கத்தில் உருட்டி எடுத்தார்கள். 1954-55க்குப் பிறகு தமிழ்நாட்டுக்குக் கிடைத்த கோப்பை அது. அதன் பிறகு இன்னும் கிடைக்கவில்லை என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

டிரினிடாட் கடவுச்சீட்டைத் துறந்து இந்தியக் குடியுரிமை பெற்ற பிறகே அவர் இந்திய அணிக்குத் தேர்வானார். முதல் போட்டி எங்கே நடந்தது தெரியுமா? 1989 மார்ச் 11, போர்ட் ஆஃப் ஸ்பெயின். பிறந்த தீவிலேயே, எதிர் அணியின் விருந்தாளியாக. எதிரே மேற்கிந்தியத் தீவுகள். அந்தத் தொடரில் இந்தியா ஐந்து ஒருநாள் போட்டிகளிலும் தோற்றது. ராபினுக்கு இரண்டு போட்டிகள் கிடைத்தன, பெரிதாக எதுவும் செய்யவில்லை. பிறகு ஏழரை ஆண்டுகள் யாரும் கூப்பிடவில்லை.

"அநீதி" என்று உங்கள் சித்தப்பா சொல்வாரானால் இந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும், டெஸ்ட் பற்றி அல்ல. ஆனால் இங்கேயும் ஒரு 'ஆனால்' உண்டு. 1989இல் இந்திய அணியின் ஆல்ரவுண்டர் நாற்காலிகளில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள்? கபில்தேவ், ரவி சாஸ்திரி, மனோஜ் பிரபாகர். சாஸ்திரி 1992 வரை ஆடினார், கபில் 1994 வரை, பிரபாகர் 1996 உலகக் கோப்பை வரை. டெல்லியில் இலங்கைக்கு எதிராக ஜெயசூர்யாவிடம் அடி வாங்கிய பிரபாகர், கடைசியில் வேகத்தை விட்டு ஆஃப் ஸ்பின் போட்டதோடு அவருடைய சர்வதேச ஆட்டம் முடிந்தது. நாற்காலி காலியானது. ஆகஸ்டில் டெண்டுல்கர் தலைவரானார், அக்டோபரில் டைட்டன் கோப்பை, ராபின் சிங்குக்கு அழைப்பு. வரிசையாக வைத்துப் பார்த்தால் காரணம் தெளிவாகத் தெரியும். இடம் இல்லை என்பது ஒரு பகுதி. அந்த ஏழு ஆண்டுகளில் ஒரு காயம், ஒரு சோதனைத் தொடர் என்று நூறு சந்தர்ப்பங்கள் வந்தபோதும் சென்னையில் ஒருவர் ரன் குவித்துக்கொண்டிருப்பது தேர்வுக்குழுவின் கண்ணில் படவில்லை என்பது மறு பகுதி. முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்தது ஏறக்குறைய 7000 ரன்கள், சராசரி 46, சதங்கள் 22, விக்கெட்டுகள் 172. இது கண்ணில் படாத அளவுக்குச் சின்னக் கணக்கு இல்லை.

ஆக, திரும்பி வந்தபோது அவருக்கு வயது 33. இந்திய ஆட்டக்காரர்கள் வழியனுப்பு விழாவுக்கு மாலை வாங்கத் தொடங்கும் வயது. அங்கிருந்து 2001 ஏப்ரல் வரை 134 ஒருநாள் போட்டிகள். நாலரை ஆண்டுகளில். நீங்கள் சொல்லும் கணக்கில் கிட்டத்தட்ட முழுவதும் 33க்கும் 37க்கும் இடையில் எழுதப்பட்டது. இருபத்தைந்திலிருந்து முப்பத்திரண்டு வரை, ஒருவர் வேகமாக ஓடக்கூடிய, கண் கூர்மையாக இருக்கக்கூடிய ஆண்டுகள், அந்தக் கணக்கில் வெள்ளைத் தாளாகவே இருக்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், அந்த வயதில்தான் அவர் அணியிலேயே வேகமாக ஓடுகிறவர்களில் ஒருவர்.

தொண்ணூறுகளின் இந்திய ஃபீல்டிங்கை நேரில் பார்க்காதவர்களுக்கு இதை விளக்குவது கடினம். இன்று பதினாறு வயதுப் பையன்கூடப் பாய்கிறான். அன்று பந்தைக் காலால் மறிப்பது, பக்கத்தில் போகும் பந்தைக் கூடவே ஓடி எல்லைக்கோடு வரை வழியனுப்பிவிட்டு வருவது, இவையெல்லாம் சாதாரணம். சோம்பேறித்தனம் மட்டுமே காரணம் இல்லை. நம் மைதானங்களின் வெளிப்புறம் காய்ந்து கட்டாந்தரையாகக் கிடக்கும், புல் பெயருக்கு இருக்கும். பாய்ந்தால் தோல் உரியும். சின்ன வயதிலிருந்தே "விழாதே, அடிபடும்" என்று கேட்டு வளர்ந்த உடம்புகள். அந்த அணியில் அசாருதீனும் அஜய் ஜடேஜாவும் ராபினும் மட்டும் வேறு ஊர்க்காரர்கள் போல இருப்பார்கள். அசாருதீனுக்குக் கைகளில் நளினம். ஜடேஜாவுக்குத் துடுக்கு. ராபினிடம் இந்த இரண்டும் கிடையாது. உழவு மாட்டின் உறுதி. பந்து வருவதற்கு முன்பே முழங்கால் மடங்கி, உடம்பு தணிந்து, உள்ளங்கைகள் தரையை நோக்கி விரிந்திருக்கும். பந்து மட்டையில் படும்போது அவர் நிற்க மாட்டார், முன்னால் வந்துகொண்டிருப்பார். அந்த இரண்டு அடி முன்நகர்வில்தான் எதிர் அணியின் ஒரு ரன் செத்துப்போகும். பாயிண்டில் அவர் நிற்கிறார் என்று தெரிந்தால் தட்டிவிட்டு ஓடுகிறவர் பாதி வழியில் திரும்புவார். அதற்கும் ஸ்கோர் புத்தகத்தில் ஒரு புள்ளிதான்.

மட்டை பிடிக்கும்போதும் இதே கதை. இடக்கை ஆட்டக்காரர், அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓட்டம், இரண்டாவது ரன்னுக்குத் திரும்பும்போது மட்டையைக் கோட்டுக்குள் இழுத்து வைத்துவிட்டு உடம்பை உடனே சுழற்றும் வேகம். கூட ஆடுகிறவர் சோம்பலாக ஒரு ரன் போதும் என்று நினைத்தால், இவர் ஏற்கனவே ஆடுகளத்தின் பாதிக்கு வந்துவிட்டிருப்பார். வேறு வழியில்லாமல் அவரும் ஓடியாக வேண்டும். ஒரு அணியின் பழக்கத்தை ஒருவர் இப்படித்தான் மாற்றினார், உபதேசம் செய்து அல்ல.

பந்துவீச்சைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. வலக்கை மிதவேகம். 69 விக்கெட்டுகள், சராசரி 43, ஓவருக்கு 4.8 ரன். ஐந்தாவது பந்துவீச்சாளரின் பத்து ஓவரை இருவர் மூவராகப் பங்குபோட்டு ஒப்பேற்றும் வேலை. ஆனால் இரண்டு நாள்கள் அவருடையவையாக அமைந்தன, இரண்டும் இலங்கைக்கு எதிராக. 1997 டிசம்பரில் குவாஹாட்டியில் 22 ரன்னுக்கு ஐந்து விக்கெட். 1999 உலகக் கோப்பையில் டான்டனில் 31 ரன்னுக்கு ஐந்து. டான்டன் ஆட்டத்தைக் கேட்டால் எல்லாரும் கங்குலியின் 183ஐயும் டிராவிட்டின் 145ஐயும், இருவரும் சேர்த்த 318ஐயும் சொல்வார்கள். பந்து ஆற்றில் போய் விழுந்ததைச் சொல்வார்கள். அன்றைக்கே ஒருவர் ஐந்து விக்கெட் எடுத்தார் என்று சொன்னால் "அப்படியா?" என்பார்கள். அவருடைய ராசி அப்படி. எந்தப் பெரிய நாளிலும் பக்கத்தில் இன்னொருவர் அதைவிடப் பெரியதாக எதையாவது செய்துவிடுவார்.

அந்த உலகக் கோப்பையிலேயே டான்டனுக்கு ஒரு வாரம் முன்னால் லெஸ்டர். மே 19, எதிரே ஜிம்பாப்வே. தந்தை இறந்த செய்தி கேட்டு டெண்டுல்கர் மும்பைக்குத் திரும்பியிருந்தார். இந்தியா பந்துவீசிய லட்சணம், உதிரி ரன்கள் மட்டும் 51. போதாததற்கு, மெதுவாகப் போட்டதற்குத் தண்டனையாகத் துரத்துவதற்கு 46 ஓவர்தான். இலக்கு 253. கடைசி இரண்டு ஓவரில் 9 ரன் வேண்டும், மூன்று விக்கெட் கையில், ராபின் 30 சொச்சத்தில் நிற்கிறார். நம் வீடுகளில் எல்லாரும் மூச்சு விட்டார்கள், இனி ராபின் பார்த்துக்கொள்வார் என்று. ஹென்றி ஒலங்காவின் ஓவர். இரண்டாவது பந்தில் ராபின் கவர் திசையில் பிடிகொடுத்தார். ஐந்தாவது பந்தில் ஸ்ரீநாத். ஆறாவதில் வெங்கடேஷ் பிரசாத். மூன்று ரன்னில் தோல்வி. அவருடைய ஆட்டத்தில் நான் திரும்பப் பார்க்க விரும்பாத ஒரு பந்து உண்டென்றால் அதுதான். அவர் 35 எடுத்திருந்தார். நின்று முடித்திருக்க வேண்டிய ஆட்டம். பாசத்துக்காக இதை மறைக்க முடியாது.

ஜூன் 4, ஓவல் மைதானம், ஆஸ்திரேலியா. 283 எடுக்க வேண்டும். மெக்ராத் முதல் சில ஓவர்களிலேயே வேலையை முடித்துவிட்டார். டெண்டுல்கர், டிராவிட், கங்குலி, அசாருதீன் நால்வரும் ஆட்டமிழந்து உள்ளே போய்விட்டார்கள், ஸ்கோர் 17. அங்கிருந்து ஜடேஜாவும் ராபினும் 141 சேர்த்தார்கள். ஜடேஜா ஆட்டமிழக்காமல் சதம், ராபின் 75. இந்தியா 77 ரன்னில் தோற்றது.

1997 ஆகஸ்டில் கொழும்பில் அவர் அடித்த ஒரே சதமும் தோல்வியில்தான் முடிந்தது. இதைச் சொல்லி, அவருடைய நல்ல ஆட்டங்களெல்லாம் தோற்ற போட்டிகளில்தான் என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. கேலியில் பாதி உண்மை உண்டு, காரணத்தை மட்டும் தலைகீழாக வைக்கிறார்கள். அவர் நீண்ட நேரம் ஆடியதால் அணி தோற்கவில்லை. அணி ஏற்கனவே தோற்றுக்கொண்டிருந்த நாள்களில்தான் அவருக்கு நீண்ட நேரம் ஆடக் கிடைத்தது. டெண்டுல்கர் நூறு அடித்த நாளில் ராபின் கால்காப்பைக் கட்டிக்கொண்டு கூடாரத்தில் உட்கார்ந்திருப்பார், அதற்கு யாரும் ரன் போடுவதில்லை.

இதன் கடைசி எல்லை 2000 அக்டோபர் 29, ஷார்ஜா. ஜெயசூர்யா 189, இலங்கை 299. இரண்டு நாளைக்கு முன்புதான் முத்தையா முரளிதரன் இதே இந்தியாவிடம் 30 ரன்னுக்கு ஏழு விக்கெட் எடுத்திருந்தார். இறுதிப் போட்டியில் சமிந்த வாஸ் 14 ரன்னுக்கு ஐந்து எடுத்தார். இந்தியா 54. அந்த ஸ்கோர் அட்டையில் இரட்டை இலக்கத்தைத் தொட்டவர் ஒரே ஒருவர். ராபின் சிங், 11. பதினொன்றுக்கெல்லாம் ஒருவரைப் பாராட்டுவதா என்று கேட்டால், பாராட்ட மாட்டேன். ஆனால் அந்த அட்டையை மறுபடி பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், வேறு என்னவோவும் வரும்.

இனி டெஸ்ட். 1998 அக்டோபர், ஹராரே, ஜிம்பாப்வே. 15, 12 ரன்கள். விக்கெட் இல்லை. ஆனால் ஐந்து கேட்ச். இந்தியா 61 ரன்னில் தோற்றது. அதோடு சரி. சில மாதங்களில் டெல்லியைச் சேர்ந்த இன்னொரு ராபின் சிங், வேகப்பந்து வீச்சாளர், நியூசிலாந்தில் ஹாமில்டனில் இந்தியாவுக்கு ஒரு டெஸ்ட் ஆடினார். அவருக்கும் அந்த ஒன்றுதான். ஒரே பெயரில் இருவர், ஆளுக்கு ஒரு டெஸ்ட். பழைய ஸ்கோர் அட்டைகளில் இருவரையும் குழப்பிக்கொள்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நீங்கள் ஏமாறாதீர்கள்.

அநீதியா என்றால், என் மனதில் பட்டதைச் சொல்கிறேன், சென்னை நண்பர்கள் கோபித்துக்கொள்ளலாம். 1998இல் 35 வயதானவருக்கு, டிராவிட், கங்குலி, அசாருதீன் என்று நடுவரிசை நிரம்பிய அணியில், டெஸ்ட் இடம் தராதது அநீதி அல்ல. அவருடைய மிதவேகம் டெஸ்டில் இருபது விக்கெட் எடுக்க உதவும் பந்துவீச்சும் அல்ல. அவருக்கு டெஸ்ட் தந்திருக்க வேண்டுமானால் 1990க்கும் 1994க்கும் இடையில் தந்திருக்க வேண்டும், ரஞ்சியில் ரன் குவித்த காலத்தில். அப்போது யாரும் யோசிக்கவில்லை. பிறகு 'ஒருநாள் ஆட்டக்காரர்' என்ற முத்திரை விழுந்துவிட்டது. 22 முதல்தரச் சதம் அடித்தவரை, தட்டிவிட்டு ஓடத்தான் தெரியும் என்று நாடே நம்பியது. அந்த முத்திரையைப் பற்றித்தான் எனக்குக் குறை.

முடிவு நாடகம் இல்லாமல் வந்தது. 2000 அக்டோபரில் நைரோபியில் யுவராஜ் சிங் என்றொரு பதினெட்டு வயதுப் பையன் வந்தான். இடக்கை ஆட்டம், பாயிண்டில் பாய்ச்சல், கொஞ்சம் பந்துவீச்சு. ராபினின் வேலைப் பட்டியலை அப்படியே எடுத்து, அதில் பாதி வயதைக் கழித்து, ஆறு அடிக்கும் திறமையைக் கூட்டினால் வருவது. அடுத்த ஏப்ரலில், ஆஸ்திரேலியா இங்கே வந்திருந்த தொடரோடு, ராபினின் சர்வதேச ஆட்டம் நின்றது.

அதன் பிறகான பயிற்சியாளர் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2004இல் ஆசியக் கோப்பை ஆடிய ஹாங்காங் அணிக்குப் பயிற்சியாளர். 2007 முதல் 2009 வரை இந்திய அணியின் ஃபீல்டிங் பயிற்சியாளர். 2007இல் தென்னாப்பிரிக்காவில் தோனியின் அணி இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றபோது அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார். 2008இல் முதல் ஐபிஎல், டெக்கான் சார்ஜர்ஸ் அணியின் பயிற்சியாளர், கடைசி இடம். அதையும் சொல்லத்தான் வேண்டும். 2010இலிருந்து மும்பை இந்தியன்ஸ். 2011இல் அந்த அணி சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்ற இறுதிப் போட்டி நடந்தது சேப்பாக்கத்தில், அவர் தலைமைப் பயிற்சியாளர். பிறகு 2020இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் கிரிக்கெட் இயக்குநர். ஆடிய காலத்தில் அடுத்தவர் கட்டத்தில் விழுந்த புள்ளிகளுக்குக் கடைசியில் ஒரு பதவியின் பெயரே கிடைத்தது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. அவர் இந்தியாவுக்கு ஆடத் தொடங்கிய காலத்தில் ஃபீல்டிங் பயிற்சியாளர் என்றால் யாருக்கும் புரிந்திருக்காது.

எந்த ஆட்டத்தைப் பார்ப்பது என்ற கடைசிக் கேள்விக்கு வருகிறேன். 1998 ஜனவரி 18, டாக்கா, சுதந்திரக் கோப்பையின் மூன்றாவது இறுதிப் போட்டி. பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருவில் கரும்புச் சக்கை வாசல்களில் இன்னும் கிடந்தது. பாகிஸ்தான் 48 ஓவரில் 314. சயீத் அன்வர் 140, இஜாஸ் அகமது 117. அதுவரை யாரும் அவ்வளவு ரன்னைத் துரத்தி வென்றதில்லை. அத்தை "இனி எதற்கு இதைப் பார்க்கிறாய், கடைக்குப் போய் வா" என்று பையைக் கையில் திணித்துவிட்டார். டெண்டுல்கர் 26 பந்தில் 41 அடித்துவிட்டுப் போனார், ஸ்கோர் 71. அடுத்து வர வேண்டியவர் வரவில்லை. வந்தவர் ராபின் சிங். நான் பையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கங்குலியோடு சேர்ந்து 179 ரன். ராபின் 83 பந்தில் 82. ஸ்கோர் 250 ஆனபோதுதான் அந்த இணை பிரிந்தது. அதன் பிறகு விக்கெட்டுகள் விழுந்தன, வெளிச்சம் மங்கியது, கங்குலியும் 124இல் போனார், இரண்டு பந்தில் மூன்று ரன் என்று வந்து நின்றது. ஹிருஷிகேஷ் கானிட்கர் சக்லைன் முஷ்டாக்கின் பந்தை நான்குக்கு அனுப்பினார். ஆட்ட நாயகன் கங்குலி. இன்றைக்கும் எல்லாரும் போட்டுக் காட்டுவது கானிட்கரின் அந்த ஒரு அடியை.

நீங்கள் அதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். முழு ஆட்டத்தின் பதிவு கிடைத்தால், முதல் விக்கெட் விழுந்த இடத்திலிருந்து போட்டு, மட்டை பிடிப்பவரை விட்டுவிட்டு எதிர்முனையைக் கவனியுங்கள். கங்குலி ஆஃப் திசையில் ஒரு பந்தைத் தள்ளிவிட்டு, அது எங்கே போகிறது என்று நின்று பார்ப்பார். அதற்குள் ராபின் பாதி தூரம் வந்திருப்பார்.